நிலா அளவு முகம்

போன தை மாதம் நசரத்பேட்டையில் ஒரு வரவேற்பு. பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை வெளிவட்டச் சாலை வெட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மண்டபம். வாசலில் வாழைமரம், சீரியல் செட், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். இப்போதெல்லாம் இவற்றோடு ஒரு கோமாளியும் சேர்த்தி. வெள்ளை முகம், சிவப்பு மூக்கு, காதுவரை இழுத்துவிட்ட சிரிப்பு, ஆரஞ்சு டோப்பா.

அக்காவின் பேத்திக்கு நான்கு வயது. காரை விட்டு இறங்கியதுமே அவரைப் பார்த்துவிட்டாள். "தாத்தா, ஜோக்கர்! ஜோக்கர்!" என்று சிரித்துக் குதித்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசலுக்கு நாலடி இருக்கும்போது கால் நின்றுவிட்டது. அவர் குனிந்து கை கொடுக்க வந்தார். வீலென்று ஓர் அலறல். குழந்தையின் முகம் என் வேட்டிக்குள் போய்விட்டது.

தூரத்தில் சிரிப்பு மூட்டிய முகம் கிட்டத்தில் ஏன் பயமுறுத்தியது? பந்தியில் உட்கார்ந்த பிறகும் கேள்வி விடவில்லை. கை கழுவிவிட்டு வரும் வழியில் அவரிடமே கேட்டேன். "கிட்ட போனா பசங்க அழும் சார். எடுத்தவுடனே கை குடுக்கக் கூடாது. இருபது அடி தள்ளி நின்னு ஒரு ஆட்டம் போட்டு, அதுங்களே வர்றவரைக்கும் இருக்கணும். இன்னிக்குக் கூட்டம், மறந்துட்டேன்" என்றார். விடை முழுக்க இதற்குள் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பற்றியும் மாவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் கண். கண் மருத்துவர் நம்மை 6 மீட்டர் தள்ளி உட்காரவைத்துப் பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார் அல்லவா? 1862-இல் நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த முறை அது. நல்ல பார்வை உள்ளவர் படித்தாக வேண்டிய வரியில் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்; எழுத்தின் கோடு ஒன்றின் தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைவிட வெகு மெல்லிய கோட்டைப் பக்கத்துக் கோட்டிலிருந்து பிரித்தறிய நம்மில் பெரும்பாலோர் கண்ணால் முடியாது. இதுதான் கண்ணின் பிரிதிறன். தூரம் கூடக் கூட இந்த எல்லையும் அதே விகிதத்தில் பெரிதாகும். 30 மீட்டரில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

நாம் புன்னகைக்கும்போது வாயோரம் நகர்வது சுமார் ஒரு சென்டிமீட்டர். அரைப் புன்னகை என்றால் அதில் பாதி. ஆக, 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் அரைப் புன்னகை இல்லவே இல்லை. கண்ணின் வெள்ளை, விழி, இமை எல்லாம் சேர்ந்து ஒரு பொட்டு.

முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிச் சுண்டுவிரலை நிலாவுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரலின் பாதி அகலமே முழுநிலாவை மறைத்துவிடும். நெற்றி முடியிலிருந்து மோவாய் வரை 20 சென்டிமீட்டர் உள்ள ஒரு முகம் 22 மீட்டர் தூரத்தில் சரியாக அந்த அளவுக்குச் சுருங்குகிறது. பெரிய சர்க்கஸ் கூடாரத்தின் கடைசி வரிசைக்காரருக்குக் கோமாளியின் முகம் நிலாவைவிடவும் சிறியது. அந்த நிலாவில்தான் நாம் தலைமுறை தலைமுறையாக ஒரு பாட்டியை உட்காரவைத்து வடை சுடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாட்டியிடம் கண் மூக்கெல்லாம் கிடையாது. வெளிர்த் திட்டுகளும் கருந்திட்டுகளும்தான் இருக்கின்றன. மீதியை மூளை இட்டு நிரப்புகிறது. தூரத்துப் பார்வையாளருக்கு முகம் எழுதுகிறவரும் இதையேதான் செய்ய வேண்டும். கோடு போட்டுப் பயனில்லை. திட்டு போட வேண்டும்.

முகத்தில் கோட்டுச் செய்தி, திட்டுச் செய்தி என்று இரண்டு அடுக்குகள் இருப்பதைக் காட்டும் ஒரு படம் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஓட் ஒலிவா 2007-இல் உருவாக்கியது. ஐன்ஸ்டைனின் படத்திலிருந்து நுண்ணிய கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மர்லின் மன்றோவின் படத்திலிருந்து மங்கலான திட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பதித்தார். கிட்டத்தில் பார்த்தால் மீசையும் சுருக்கமுமாக ஐன்ஸ்டைன். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பின்னால் நடந்தால் ஐன்ஸ்டைன் கரைந்துபோய் மன்றோ சிரிக்கிறார். காகிதத்தில் எதுவும் மாறவில்லை. நுண்கோடுகள் பிரிதிறனுக்குக் கீழே போய்விட்டன, அவ்வளவுதான். இதற்கும் முன்பே ஒலிவாவும் பிலிப் ஷைன்ஸும் கோபமுகம் ஒன்றையும் சாந்தமுகம் ஒன்றையும் இப்படிக் கலந்து, தூரம் மாறினால் குணமே மாறுகிற முகங்களைச் செய்து காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்குள்ளும் ஒரு கிட்டமுகமும் ஒரு தொலைமுகமும் குடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கோமாளி ஒப்பனை என்பது தொலைமுகத்தைத் திருத்தி எழுதுவது.

திட்டுகளை எங்கே வைப்பது? இங்கே இன்னொரு சோதனை உதவுகிறது. ஃபிலிம் ரோல் காலத்தில் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து, இது சித்தியா அத்தையா என்று குழம்பியவர்களுக்கு இது எளிதில் புரியும். நெகட்டிவில் எல்லாக் கோடுகளும் அப்படியேதான் இருக்கின்றன. வெளிர் கருமையாகவும் கருமை வெளிராகவும் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் ஆளை அடையாளம் தெரிவதில்லை. டெல்லியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் பவன் சின்ஹாவின் குழு 2009-இல் ஒரு வேலை செய்தது. நெகட்டிவ் முகங்களில் கண்களைச் சுற்றிய பகுதியை மட்டும் பழையபடி நேராக்கியது. மீதி முகம் நெகட்டிவாகவே இருந்தும், பார்த்தவர்கள் பெருமளவு அடையாளம் கண்டுகொண்டார்கள். கண்குழி இருண்டும் நெற்றியும் கன்னமும் அதைவிட வெளிறியும் இருக்க வேண்டும் என்ற வரிசைதான் மூளைக்கு முகத்தின் முதல் சாட்சி. உலகில் எந்த நிறத் தோலிலும், ஏறக்குறைய எந்த வெளிச்சத்திலும் இந்த வரிசை மாறுவதில்லை.

இப்போது கோமாளி முகங்களைப் பாருங்கள். மேற்கத்திய சர்க்கஸில் இரண்டு பெரிய வகைகள். ஒன்று வெண்முகக் கோமாளி: முகம் முழுக்க வெள்ளை, அதில் புருவமும் கண்ணும் வாயும் கறுப்பு சிவப்பில். லண்டனில் ஜோசப் கிரிமால்டி (1778–1837) புகழ் பெறச் செய்த முகம் இது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிற அரங்குகளில் ஆடியவர் அவர். இந்த முகத்தில் வரிசை பிறழவில்லை. வெளிர் இன்னும் வெளிறி, கருமை இன்னும் கறுத்து, முகம் இருமடங்கு முகமாகிறது. இன்னொன்று, பிறகு வந்த 'அகஸ்ட்' என்னும் அசட்டுக் கோமாளி: முகம் தோல்நிறத்திலோ சிவப்பிலோ இருக்க, கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் மட்டும் பெரிய வெள்ளை வளையம். இங்கே கண்குழி கன்னத்தைவிட வெளிறிவிடுகிறது. வரிசை தலைகீழ். தூரத்தில் அந்த வளையம், வியப்பில் விரிந்த பெரிய கண்ணின் வெள்ளையாகத் தெரிவதால் சிரிப்பு வருகிறது. கிட்டத்தில் உண்மையான கண் அதன் நடுவே சிறியதாகத் தனியே அலைகிறது. சுற்றிலும் ஒரு துண்டு நெகட்டிவ். இப்படிப்பட்ட முகம் கிட்டத்தில் பயமுறுத்துவதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

ஊகம் இல்லாத செய்தி ஒன்றும் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் கோமாளி பயம் பற்றிக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் கொஞ்சமாவது பயம் உண்டு என்றார்கள். ஏன் என்று துருவியபோது முன்வரிசைக்கு வந்த காரணம், சினிமாவோ சின்ன வயது அனுபவமோ அல்ல. ஒப்பனைக்குக் கீழே அந்த ஆள் உண்மையில் என்ன உணர்கிறான் என்று தெரியாததுதான். வரைந்த வாய் சிரிக்கிறது. அதன் அடியில் உள்ள வாய் கைகொடுக்கும் அவசரத்தில் இறுகியிருக்கிறது. தூரத்தில் வரைந்த வாய் மட்டும் தெரியும். நாலடியில் இரண்டும் தெரியும், இரண்டும் ஒத்துப்போவதில்லை.

கைதேர்ந்தவர்கள் அதனால்தான் காதுவரை சிரிப்பு வரைவதில்லை. வாயைச் சுற்றி அகலமாக வெள்ளை பூசி, கீழுதட்டில் மட்டும் மெல்லிதாகச் சிவப்பு வைக்கிறார்கள். வெள்ளைத் திட்டின் விளிம்பு கன்னத்துத் தசையின்மேல் விழுகிறது. சொந்த வாய் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் அந்தத் திட்டு முழுவதும் சேர்ந்து இழுபடும். சிரித்தால் சிரிக்கும், பிதுக்கினால் பிதுங்கும். உறைந்த சிரிப்பு ஒரு முகமூடி. இது ஒரு உருப்பெருக்கி. முகம் எழுதத் தொடங்குமுன் கண்ணாடி முன்னால் நின்று சிரித்து, முறைத்து, அழுது, எங்கெல்லாம் மடிப்பு விழுகிறது என்று பார்த்துக்கொள்வது அதற்காகத்தான். ஒவ்வொருவர் மடிப்பும் வேறு, ஆகவே ஒவ்வொரு கோமாளி முகமும் வேறு. லண்டனில் 1946 முதல் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓட்டில் வரைந்து சேர்த்துவைக்கும் வழக்கம்கூட இருக்கிறது. ஒருவர் முகத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வது அங்கே அநாகரிகம்.

நம் ஊர்க் கோமாளிக்கு வருவோம். நசரத்பேட்டையிலிருந்து அதே நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் காஞ்சிபுரம், கட்டைக்கூத்தின் சீமை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய பாரதக்கூத்து நடக்கிற வட்டாரம். துரியோதனனுக்குக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, முகம் முழுக்கப் புள்ளியும் கோலமும். தீப்பந்தமும் பெட்ரோமாக்ஸும் மட்டுமே இருந்த காலத்தில் தெருக்கோடியில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கும் ராஜா வந்துவிட்டார் என்று தெரிய வேண்டுமே. கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கோ அந்தக் கட்டைகள் எதுவும் இல்லை. ஒரு குல்லா, கொஞ்சம் வண்ணம். அவன் ராஜாவிடமும் பேசுவான், முன்வரிசைக் கிழவியிடமும் பேசுவான். கிட்டமுகம், தொலைமுகம் இரண்டும் அவனுக்கு வேண்டும். முழுக்கப் பூசி மூடினால் வேலைக்கு ஆகாது என்று நான் புரிந்துகொள்கிறேன். இந்தக் கணக்கின் மறுகோடியும் நசரத்பேட்டைப் பக்கத்திலேயே இருக்கிறது. செம்பரம்பாக்கம் போகும் வழியில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. அங்கே பார்வையாளரின் கண் கேமரா. அது நடிகரின் மூக்கு நுனிவரை வந்துவிடும். 30 மீட்டருக்கு எழுதிய முகத்தை அங்கே கொண்டுபோனால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

அடுத்தது மாவு. வெள்ளை எப்படி வெள்ளையாகிறது?

அரிசிமாவுக் கோலத்தின்மேல் தண்ணீர் தெளித்தால் கோலம் மங்கிப்போகும், காய்ந்ததும் திரும்ப வரும். பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மாவும் காகிதமும் உண்மையில் வெள்ளை நிறப் பொருட்களே அல்ல. நிறமற்ற துகள்களும் இழைகளும்தான். ஒளி, காற்றிலிருந்து துகளுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளில் மோதிச் சிதறி எல்லா நிறமும் கலந்து வெளியே வருவதைத்தான் வெள்ளை என்கிறோம். உப்பும் சர்க்கரையும் நுரையும் மேகமும் இந்த வகையில்தான் வெள்ளை.

எவ்வளவு ஒளி திரும்பும் என்பது எல்லையின் இரு பக்கமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு பொருளுக்குள் ஒளி எந்த அளவு வேகம் குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு 1. அரிசிமாவுக்கு ஏறக்குறைய 1.5. தேங்காய் எண்ணெய்க்கும் கிட்டத்தட்ட 1.45. காற்றில் இருக்கும் மாவுத் துகளின் ஒரு பரப்பில் நூறு பங்கு ஒளி விழுந்தால் நான்கு பங்கு திரும்பும். அதே துகளை எண்ணெயில் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. எண்ணெயும் மாவும் ஒளிக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. மாவு மாயமாகிவிடுகிறது.

மேடையில் ஆடுகிறவர் முகத்திலோ எண்ணெயும் வியர்வையும் இல்லாமல் இராது. ஆகவே எண்ணெயில் குழைத்தாலும் மறையாத வெள்ளை வேண்டும். அதன் எண் 1.5-ஐ விட வெகுவாகக் கூடியிருக்க வேண்டும். ஈயவெள்ளைக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் 2 சொச்சம். டைட்டானியம் டையாக்சைடுக்கு 2.5-க்கு மேல், எண்ணெய்க்குள்ளும் ஒரு பரப்பில் எட்டு ஒன்பது பங்கைத் திருப்பிவிடும், காற்றில் உள்ள அரிசிமாவைவிட இருமடங்கு. வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை அரிசிமாவு, இன்னொரு கரண்டியில் மருந்துக்கடை ஜிங்க் ஆக்சைடு. உள்ளங்கையில் தடவினால் ஒன்று காணாமல் போகும், மற்றது நிற்கும்.

டைட்டானியம் கிடைக்கும் கனிமங்களில் முக்கியமானது இல்மனைட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் கருமணலில் அது நிறைய உண்டு. உலகத்தின் தலைசிறந்த வெள்ளை கறுப்பு மணலிலிருந்து வருகிறது.

பழைய காலத்துக்காரர்களுக்கு டைட்டானியம் கிடையாது. அவர்கள் எதைப் பூசினார்கள் என்பதை நம் மொழியே சொல்லிவிடுகிறது. ஒப்பனைக்கு இன்னொரு பெயர் அரிதாரம். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். சிவப்புக்குச் சாதிலிங்கம், அது பாதரசமும் கந்தகமும். இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் 2.4-இல் தொடங்கி 3-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். எண்ணெயில் குழைத்தாலும் தோலை முழுக்க மூடி, பந்த வெளிச்சத்திலும் ஜொலித்ததற்குக் காரணம் அதுதான்.  ஈயம், பாதரசம், ஆர்செனிக் என்று வரிசையாகப் பாருங்கள், எல்லாம் நஞ்சு. அழகாக மூடியதும் உடம்பைக் கெடுத்ததும் ஒரே பொருள்தான். டைட்டானியமும் துத்தநாகமும் தோலின் மேலே இருக்கும்வரை அந்த அளவு தொல்லை தராதவை. அரிதாரம் டப்பாவிலிருந்து போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

பூசி முடித்ததும் முகத்தில் டால்கம் பவுடரைத் தாராளமாகத் தட்டி, மிச்சத்தைத் தூரிகையால் துடைத்துவிடுவார்கள். வண்ணங்களின்மேல் வெள்ளைப் பவுடர் போட்டால் எல்லாம் வெளிறிவிடாதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. டால்க்கின் எண் 1.5-ஐ ஒட்டியது. எண்ணெயில் ஊறியதும் அரிசிமாவைப் போல அதுவும் மறைந்துவிடுகிறது. ஆனால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி எண்ணெய்ப் பளபளப்பைக் கொன்றுவிடுகிறது, வண்ணத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. மறையும் வெள்ளை, மறையாத வெள்ளை, இரண்டுக்கும் ஒரே முகத்தில் வேலை இருக்கிறது.

வரவேற்பு முடிகிற நேரம். பேத்தியை மாடி வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கீழே முற்றத்தின் கோடியில் அவர் மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பந்து தலையில் விழுந்தது. கெக்கெக்கென்று சிரித்தாள். 25 மீட்டர் இருக்கும் என்று மனசுக்குள் அளந்துகொண்டேன். இந்தக் கணக்குகளில் இறங்கிவிட்டால் இப்படித்தான், சிரிக்கிற குழந்தையையும் அளந்து பார்க்கத் தோன்றும்.

கார் எடுக்கப் போனபோது மண்டபத்தின் பின்பக்கக் குழாயடியில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி முகத்தில் தேய்த்து, கிழித்த செய்தித்தாளால் துடைத்துத் துடைத்துக் கீழே போட்டார். எண்ணெயில் சேர்ந்தது எண்ணெயில்தான் போகும். தண்ணீரும் சோப்பும் அப்புறம். கால்மாட்டில் கிடந்த தாள் ஒன்று ஊறி, மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. ஏதோ நிலம் விற்கும் விளம்பரம். நடுவில் ஒரு கன்னத்தின் அகலத்துக்கு வெள்ளை அப்பியிருந்த இடத்தில் மட்டும் எதையும் படிக்க முடியவில்லை.